பூங்கா வாசலிலிருந்து விழுந்து கிடப்பவர் வரை: ஒரு திறந்த மடல்

தேசியப் பூங்காக் கழகம், சிங்கப்பூர்க் குடிமைத் தற்காப்புப் படை, நகர மன்றங்கள் ஆகியவற்றின் மதிப்பிற்குரிய பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

நான் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்தின் (வீவக) அடுக்குமாடிப் பேட்டை ஒன்றில் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாகக் குடியிருப்பவள். பணி ஓய்வு பெற்ற பிறகு, என் வயதையொத்த பத்துப் பன்னிரண்டு பேருடன் சேர்ந்து, பேட்டையை ஒட்டிய பூங்காவில் தினமும் விடியற்காலையில் நடந்து வருகிறேன். அந்தப் பூங்காவுக்குள் ஒருவர் மயங்கி விழுந்தால் ஆம்புலன்ஸ் எந்த வாசல் வழியாக வரும், எவ்வளவு தூரம் உள்ளே வரும், வண்டி நின்ற இடத்திலிருந்து எத்தனை நிமிடத்தில் உதவி அவர் பக்கத்தில் வந்து சேரும் என்ற கேள்வியை உங்கள் முன் வைக்கவே இம்மடலை எழுதுகிறேன்.

இந்தக் கேள்வி எனக்குத் தற்செயலாக எழுந்ததன்று. சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணியளவில், எங்கள் குழுவில் எல்லாருக்கும் மூத்தவரும், நாங்கள் அனைவரும் அண்ணன் என்றே அழைப்பவருமான ஒருவர், பூங்காவின் நடுவிலுள்ள குளத்தருகே மார்பைப் பிடித்துக்கொண்டு இருக்கையில் அமர்ந்தார். அமர்ந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். நான்தான் அவசர மருத்துவ உதவிக்கான 995-ஐ அழைத்தேன். எங்கே இருக்கிறீர்கள் என்று மறுமுனையில் இருந்தவர் நிதானமாகக் கேட்டார். பூங்காவில், குளத்துக்குப் பக்கத்தில் என்றேன். எந்த வாசல், அருகில் எந்தச் சாலை, கண்ணுக்குத் தெரியும் புளோக்கின், அதாவது அடுக்குமாடிக் கட்டடத்தின், எண் என்ன என்று அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டே இருந்தார். மரங்களுக்கு மேலே தெரிந்த புளோக்கின் எண்ணைப் படித்துச் சொன்னேன். நான் சொன்ன இடத்துக்கு ஆம்புலன்ஸ் மிக விரைவாகவே வந்துவிட்டது. ஆனால் அந்தப் புளோக்குக்கும் எங்களுக்கும் இடையே ஒரு கால்வாய் இருந்தது. அதைக் கடக்கும் நடைபாலத்துக்குப் படிகள் இருந்தன. ஆம்புலன்சின் சைரன் ஒலி அருகில் கேட்டு, பிறகு விலகிப் போவதை அண்ணனின் கையைப் பிடித்தபடி கேட்டுக்கொண்டிருந்த அந்த நிமிடங்களை நான் என்றும் மறக்கமாட்டேன்.

வண்டி சுற்றிக்கொண்டு மறுபக்க வாசலுக்கு வந்தபோது, அங்கே தடுப்புத் தூண்கள் நட்டுப் பூட்டப்பட்டிருந்தன. மருத்துவ உதவியாளர்கள் ஒரு நொடியும் தயங்கவில்லை. தூக்குப்படுக்கையை உருட்டிக்கொண்டும் பைகளைச் சுமந்துகொண்டும் ஓடியே வந்தார்கள். அதற்கு முன்பே, அருகில் உதவி தேவைப்படுவதைப் பொதுமக்களுக்குத் தெரிவிக்கும் மைரெஸ்பாண்டர் செயலியில் தகவல் பார்த்த இரண்டு இளைஞர்கள் புளோக்கின் மின்தூக்கி முகப்பிலிருந்து ஏஇடி எனப்படும் இதய இயக்க மீட்புக் கருவியை எடுத்துவந்து, மாறி மாறி நெஞ்சை அழுத்திச் சிபிஆர் செய்துகொண்டிருந்தார்கள். அண்ணன் பிழைத்துக்கொண்டார். இப்போது கைத்தடியுடன் பாதிச் சுற்று நடக்கிறார்.

எல்லாம் முடிந்து ஆம்புலன்ஸ் புறப்பட்ட பிறகு, அங்கே புல் வெட்டிக்கொண்டிருந்த புதுக்கோட்டைப் பக்கத்துத் தம்பி ஒருவர் என்னிடம் வந்து, “அக்கா, எங்க லாரி உள்ள வர்ற கேட்டு அந்தாண்ட ஒண்ணு இருக்கு. அது வழியா வந்திருந்தா வண்டி குளம் வரைக்குமே வந்திருக்கும்” என்றார். அவருக்குத் தெரிந்திருந்தது. அழைத்த எனக்குத் தெரியவில்லை. வண்டியோட்டி வந்தவருக்கும் அதைச் சொல்வார் இல்லை. அன்று தவறு செய்தவர் என்று சுட்டிக்காட்ட ஒருவருமில்லை என்பதுதான் என்னை இத்தனை நாள் உறுத்திக்கொண்டிருக்கிறது. ஒவ்வொருவரும் தம் வேலையைச் சரியாகவே செய்தோம். அப்படியிருந்தும் நிமிடங்கள் கரைந்தன. அந்தப் பூங்காவின் பெயரை நான் இங்கு எழுதவில்லை, ஏனெனில் கால்வாயும் படியும் பூட்டிய தூணும் ஒரே பூங்காவுக்கு உரியவை அல்ல.

இதயம் நின்றுபோன ஒருவருக்குச் சிபிஆரும் மின்னதிர்ச்சியும் கிடைக்காமல் கழியும் ஒவ்வொரு நிமிடமும் அவர் உயிர் பிழைக்கும் வாய்ப்பை 7 முதல் 10 விழுக்காடு வரை குறைக்கிறது என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். பத்தில் எட்டு அழைப்புகளுக்கேனும் 11 நிமிடங்களுக்குள் ஆம்புலன்ஸ் சென்று சேர வேண்டும் என்பதைக் குடிமைத் தற்காப்புப் படை இலக்காகக் கொண்டு உழைத்து வந்திருப்பதையும் நாங்கள் அறிவோம். ஆனால் அந்த 11 நிமிடத்தில் வண்டி வந்து நிற்கும் இடம் பூங்காவின் வாசலாக இருந்தால், அதற்கு அப்பால் நானூறு மீட்டர் இருக்குமானால், மணிக்கு ஐந்து கிலோமீட்டர் வேகத்தில் நடப்பவருக்கு அது ஏறத்தாழ ஐந்து நிமிட நடை. ஓடினால் பாதியாகும், கருவிகளைச் சுமந்து ஓடுவோருக்கு அதுவும் எளிதன்று. நோயாளியைப் படுக்கையில் கிடத்தித் திரும்பி வரும்போது ஓடவும் முடியாது. எனவே வண்டி நின்ற நேரத்தைப் போலவே, உதவியாளரின் கை நோயாளியின் மேல் பட்ட நேரத்தையும் பூங்காக்களைப் பொறுத்தவரை தனியே பதிவு செய்து, ஆண்டுக்கொருமுறை மக்களுக்குச் சொல்லுங்கள் என்று முதலில் கேட்டுக்கொள்கிறேன்.

அடுத்தது, இந்த மடலை எழுதத் தூண்டிய முதன்மையான செய்தி: பூங்காவுக்குள் எங்களுக்கு முகவரி இல்லை.

சிங்கப்பூரில் 1995-ஆம் ஆண்டு முதல் ஒவ்வொரு கட்டடத்துக்கும் ஆறு இலக்க அஞ்சல் குறியீடு உண்டு. 995-ஐ அழைக்கும்போது அந்த ஆறு எண்களையும் மாடியையும் வீட்டு எண்ணையும் சொல்லிவிட்டால் போதும் என்ற பழக்கத்தில் நாங்கள் வாழ்ந்துவிட்டோம். அந்தப் பழக்கம் புல்வெளியில் கால் வைத்ததும் கைவிட்டுவிடுகிறது. பீஷான் - அங் மோ கியோ பூங்கா 62 ஹெக்டர் பரப்புள்ளது. மேரிமவுண்ட் சாலை அதை இரண்டாகப் பிரிக்கிறது. நேர்க்கோட்டுக் கான்கிரீட் கால்வாயாக இருந்த காலாங் ஆறு 2012-இல் வளைந்து நெளிந்து ஓடும் இயற்கை ஆறாகத் திரும்பப் பிறந்ததும் அங்கேதான். அந்த அழகில் எனக்குப் பெருமையே. ஆனால் அந்தப் பூங்காவில் இருந்து ஒருவர் அழைத்தால், அவர் ஆற்றின் எந்தக் கரையில் நிற்கிறார் என்பதே, ஆம்புலன்ஸ் பீஷான் பக்கம் வருவதா அங் மோ கியோ பக்கம் வருவதா என்பதைத் தீர்மானிக்கும். ஈஸ்ட் கோஸ்ட் பூங்காவோ 15 கிலோமீட்டருக்கும் மேல் கடற்கரையோரம் நீண்டு கிடக்கிறது. மரின் பரேட் வாசிகள் விரைவுச்சாலைக்கு அடியிலுள்ள சுரங்க நடைபாதையில் இறங்கி ஏறினால் சில நிமிடங்களில் கடலைப் பார்த்துவிடலாம். வண்டிக்கு அந்த வழி இல்லை, அது சாலை வழியே சுற்றித்தான் வரவேண்டும். ஆகவே, அழைப்பவர் தமக்கு அருகில் என்று நினைத்துச் சொல்லும் புளோக், வண்டிக்கு மிகத் தொலைவாக அமைந்துவிடக்கூடும்.

கைத்தொலைபேசி இருப்பிடத்தைக் காட்டிவிடுமே என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மைரெஸ்பாண்டர் செயலி வழியாக அழைத்தால் இருப்பிடம் தானாகவே சென்றுவிடுகிறது என்பதும், அருகில் உள்ளவர்களை அழைத்துவரும் அதே செயலிதான் அண்ணனுக்கு அந்த இரண்டு இளைஞர்களை அனுப்பியது என்பதும் உண்மை. 2015-இல் தொடங்கிய அந்த முயற்சிக்கு எங்கள் குழுவே கடன்பட்டிருக்கிறது. இருந்தாலும் வரைபடத்தில் ஒரு புள்ளி தெரிவது ஒன்று, அந்தப் புள்ளிக்கு எந்த வாசல் வழியாகச் சக்கரம் போகும் என்று தெரிவது வேறொன்று. புள்ளியோடு வாசலும் சேர்ந்து தெரிந்தால்தான் வண்டி நேரே வரும்.

ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் நடைபாதைகளிலும் பச்சை நிறப் பலகைகளில் மூன்று எழுத்தும் மூன்று எண்ணும் கொண்ட குறியீட்டைப் பொறித்து நட்டிருக்கிறார்கள். அழைப்பவர் அந்தக் குறியீட்டைப் படித்துச் சொன்னால், அந்த இடத்துக்குப் போகும் வழியும் அவசர அழைப்பு நிலையத்தின் திரையில் வந்துவிடும். ஜெர்மனியின் காடுகளிலும் மீட்பு இடங்களுக்கு இதுபோல் எண்ணிட்ட பலகைகள் உண்டு. நமக்கோ தொடக்கமே பாதி முடிந்திருக்கிறது: சாலையோரம் நிற்கும் ஒவ்வொரு விளக்குக் கம்பத்திலும் எண் உள்ள நாடு இது. எங்கள் பூங்காவின் கம்பங்களிலும் எண் உண்டு. ஆனால் அது பழுது பார்ப்பவருக்காக எழுதப்பட்டது. சிறியது, மங்கியது, பதற்றத்தில் இருப்பவர் கண்ணில் படாதது. அதையே கண் மட்டத்தில், இரவில் ஒளிரும் பூச்சில், உள்ளங்கை அளவு இலக்கங்களில் எழுதுங்கள். அந்த எண்ணைத் தட்டியதும் உரிய வாசலும் உட்பாதையும் 995 நிலையத்தின் திரையில் தெரியும்படி இணையுங்கள்.

இதில் ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்ல விரும்புகிறேன். நம் குறியீட்டில் எழுத்துகள் வேண்டாம், எண்கள் மட்டும் போதும். என் அத்தைக்கு ஆங்கில எழுத்துகளைக் கூட்டிப் படிக்கத் தெரியாது. ஆனால் பேருந்து எண்ணையும் புளோக் எண்ணையும் அவர் ஒருநாளும் தப்பாகச் சொன்னதில்லை. சீனப் பாட்டியும் மலாய்த் தாத்தாவும் சென்ற மாதம் வேலைக்கு வந்திறங்கிய வெளிநாட்டு ஊழியரும் தடுமாறாமல் சொல்லக்கூடியவை எண்களே. செவித்திறன் குறைந்தோர் 70995-க்குக் குறுஞ்செய்தி அனுப்பும்போதும் நான்கைந்து இலக்கங்களைத் தட்டுவது எளிது.

இனி வாசலுக்கு வருகிறேன். தடுப்புத் தூண்கள் ஏன் இருக்கின்றன என்பதை நான் அறியாதவள் அல்லள். அவை இல்லாவிட்டால் மோட்டார்சைக்கிள்களும் சரக்கு வண்டிகளும் உள்ளே நுழைந்து, தள்ளுநாற்காலியில் வருவோரும் குழந்தைகளும் நடமாட முடியாமல் போகும். அவற்றைப் பிடுங்கிவிடுங்கள் என்று கேட்கவில்லை. ஆனால் ஒரு வாசலின் பூட்டுக்குச் சாவி பராமரிப்புக் குத்தகையாளரிடமும், இன்னொன்றுக்கு மேற்பார்வையாளரிடமும், வேறொன்றுக்கு எவரிடம் என்று எவருக்கும் தெரியாமலும் இருப்பதை மாற்ற வேண்டும். தீவெங்கும் உள்ள பூங்காக்களின் அவசர வாசல்களுக்கு ஒரே வகைச் சாவி அமைத்து, அதை ஒவ்வோர் ஆம்புலன்சிலும் தீயணைப்பு வாகனத்திலும் வைத்திருக்கலாம். அல்லது, வண்டியின் முன்பக்கம் மெல்லத் தள்ளினாலே மடிந்து படுக்கும் தூண்களை அந்த வாசல்களில் மட்டும் வைக்கலாம். எது ஏற்றது என்பதைத் தொழில் தெரிந்தவர்கள் முடிவு செய்யட்டும். எப்படியானாலும், அந்த வாசலுக்கு ஓர் எண்ணும் தனி நிறமும் வேண்டும்; அதன் எதிரே சாலையில் வண்டி நிறுத்தத் தடைக்கோடும் வேண்டும். பொருள் இறக்க வரும் வண்டிகள் ஐந்து நிமிடம்தானே என்று நிறுத்துவது அந்த இடத்தில்தான்.

கட்டடங்களுக்கு இந்த ஒழுங்கை நாம் எவ்வளவு கண்டிப்பாக வகுத்து வைத்திருக்கிறோம் என்பதை எண்ணிப் பாருங்கள். தீயணைப்பு வாகனம் செல்லும் வழிக்கு இத்தனை அகலம் இருக்க வேண்டும், மேலே 4.5 மீட்டர் உயரத்துக்குத் தடையிருக்கக்கூடாது, முட்டுச்சந்தாக முடியும் வழி 46 மீட்டரைத் தாண்டினால் வண்டி திரும்ப இடம் ஒதுக்க வேண்டும் என்றெல்லாம் தீப்பாதுகாப்பு விதிகள் வரையறுக்கின்றன. எங்கள் புளோக்கின் அருகே பார்த்தால் புல்தரை போலத்தான் தெரியும். அடியில் துளையிட்ட கான்கிரீட் கட்டைகள் பதித்திருப்பார்கள், தீயணைப்பு வண்டியின் பாரத்தை அது தாங்கும், புல்லும் துளைகள் வழியே முளைத்து நிற்கும். பூங்காவுக்குள் தார்ச்சாலை போடுங்கள் என்று நான் கேட்பதாக யாரும் நினைத்துவிடக்கூடாது என்பதற்காகவே இதைச் சொல்கிறேன். இருக்கும் நடைபாதைகளில் ஒன்றை, ஒவ்வொரு பெரிய பூங்காவிலும் ஒரு முதுகெலும்பைப் போலத் தேர்ந்தெடுத்து, ஓரங்களில் இந்தக் கட்டைகளைப் பதித்து, வளைவுகளைச் சற்று அகலமாக்கி, தாழ்ந்து வரும் கிளைகளை முறையாகக் கழித்து வந்தாலே ஆம்புலன்ஸ் உள்ளே வந்து திரும்பிப் போகலாம். மரம் ஒன்றைக்கூட வெட்ட வேண்டியதில்லை. அதுவும் முடியாத இடங்களுக்கு, குறுகிய வழிகளில் நுழைவதற்கென்றே குடிமைத் தற்காப்புப் படையிடம் ரெட் ரைனோ என்னும் சிறு தீயணைப்பு வாகனமும் தீயணைப்பு மோட்டார்சைக்கிள்களும் இருக்கின்றன. எந்தப் பூங்காவுக்கு எந்த வாகனம் என்பதை முன்கூட்டியே எழுதி வைத்துவிட்டால் அழைப்பு வந்த பிறகு யோசிக்க வேண்டியிராது.

முதுகெலும்புப் பாதைக்கு இரண்டு முனைகளிலும் வாசல் இருக்க வேண்டும். 2017 பிப்ரவரி 11 அன்று சிங்கப்பூர் பூமலையில் (தாவரவியல் பூங்காவில்) 270 ஆண்டுகளுக்கும் மேல் வயதான தெம்புசு மரம் ஒன்று வேரோடு சாய்ந்ததில் ஒருவர் உயிரிழந்தார், நால்வர் காயமுற்றனர். நாற்பது மீட்டர் உயர மரம் விழுந்தால் ஆளைச் சாய்ப்பதோடு வழியையும் மறித்துவிடக்கூடும். பெருமழையில் ஆற்றுநீர் உயரும் பூங்காக்களிலும் இதே நிலைதான். ஒரே வழியை நம்பியிருக்கும் பூங்காவில் அந்த வழியே அடைபட்டால் என்ன செய்வது என்பதற்கான விடையையும் இந்தத் திட்டம் வைத்திருக்க வேண்டும்.

மெக்ரிட்சி, புக்கித் தீமா போன்ற வனப்பகுதிகளை நான் இந்தக் கணக்கில் சேர்க்கவில்லை. காட்டுக்குள் வாகனப் பாதை கேட்பது தவறு. அங்கே நடப்பவர்களும் அதை அறிந்தே நடக்கிறார்கள். அங்கு எண் பலகைகள் மட்டும் இருந்தால் போதும். என் கவலை, புளோக்குகளுக்கு நடுவே, நம் வீட்டு முற்றம் போல் இருக்கும் நகரப் பூங்காக்களைப் பற்றியது. ஏனெனில் முதியோரையும் உடல்நலம் குன்றியோரையும் அங்கே வருமாறு அழைப்பதே நாம்தான். 2016-இல் ஹோர்ட்பார்க் (HortPark) பூங்காவில், முதியோரின் உடல், மன நலத்துக்கென அமைத்த முதல் சிகிச்சைத் தோட்டத்தைத் திறந்தோம். அதன் பிறகு பேட்டைப் பூங்காக்களிலும் அவை வந்துகொண்டிருக்கின்றன. 2030-இல் சிங்கப்பூரர்களில் நால்வருக்கு ஒருவர் 65 வயதைத் தாண்டியிருப்பார். வாருங்கள், நடங்கள், நலமாக இருங்கள் என்று அழைத்த இடத்தில், விழுந்தால் தூக்கிவிடும் ஏற்பாடும் இருக்க வேண்டும் அல்லவா?

செலவாகும் என்பது தெரியும். ஆனால் இதைவிடப் பெரிய செலவை இதே காரணத்துக்காக நாம் செய்திருக்கிறோம். பழைய புளோக்குகளில் மின்தூக்கி சில மாடிகளில் மட்டும் நின்ற காலம் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முழங்கால் வலியோடு என் மாமியார் ஒரு மாடி இறங்கி மின்தூக்கிக்குப் போவார். வண்டி புளோக்கின் வாசலுக்கு வருவது மட்டும் போதாது, வீட்டு வாசல் வரைக்கும் வழி இருக்க வேண்டும் என்று உணர்ந்து, 2001-இல் மின்தூக்கி மேம்பாட்டுத் திட்டத்தை அறிவித்து, ஆயிரக்கணக்கான புளோக்குகளில் மாடிக்கு மாடி மின்தூக்கி நிற்கச் செய்தார்கள். பூங்காவுக்குள் நான் கேட்பதும் அதே வழிதான், செங்குத்தாக இல்லாமல் கிடையாக.

வார இறுதி ஓட்டப் போட்டிகளுக்கும் குடும்ப நாள்களுக்கும் அனுமதி வழங்கும்போது, கூடாரங்கள் இந்த வழியை மறிக்கக்கூடாது என்ற நிபந்தனையைக் கட்டாயமாக்குங்கள். அத்துடன் ஆண்டுக்கு ஒருமுறையேனும் உண்மையான வண்டியை உள்ளே ஓட்டிப் பயிற்சி நடத்துங்கள். அந்தப் பயிற்சிக்குப் புல் வெட்டுவோரையும் துப்புரவாளர்களையும் பூங்காவிலுள்ள உணவுக்கடைக்காரர்களையும் கட்டாயம் அழையுங்கள். எந்தப் பூட்டு துருப்பிடித்திருக்கிறது, எந்த வளைவில் லாரியின் பின்சக்கரம் சேற்றில் இறங்கும் என்பதை அவர்களைவிட நன்கு அறிந்தவர் எவருமில்லை. அவர்களில் தமிழரும் வங்காளிகளும் பலர். அவர்கள் மொழியில் பத்து நிமிடம் விளக்கினால் ஒவ்வொரு பூங்காவிலும் விடியற்காலை முதல் வழிகாட்டிகள் இருப்பார்கள்.

வீவக பேட்டைகளில் இரண்டு புளோக்குக்கு ஒரு ஏஇடி கருவி என்று வைத்திருப்பது போல், பெரிய பூங்காக்களின் நடுப்பகுதியிலும் கழிவறைக் கட்டடம், மழைக்கூடம் போன்ற இடங்களில் அவற்றை வைத்து, அருகிலுள்ள கருவி எந்தக் கம்ப எண்ணில் இருக்கிறது என்பதை எண் பலகையிலேயே குறித்துவிடலாம்.

எல்லாப் பூங்காக்களிலும் ஒரே நாளில் செய்ய வேண்டும் என்று கேட்கவில்லை. முதியோர் மிகுதியாக வாழும் பேட்டை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, அங்குள்ள பூங்காவில் கம்பங்களுக்கு எண்ணிட்டு, வாசல்களைச் சீர்செய்து, ஓராண்டு நடத்திப் பாருங்கள். பூங்கா ஒருவருக்கும், அதை ஒட்டிய கார் நிறுத்துமிடம் இன்னொருவருக்கும், கால்வாய் பொதுப் பயனீட்டுக் கழகத்துக்கும், சாலை நிலப் போக்குவரத்து ஆணையத்துக்கும் உரியதாக இருப்பதால், உங்களில் ஒருவர் முன்னின்று மற்றவர்களை ஒரே மேசையில் அமர்த்தினால்தான் இது நடக்கும். யார் முன்னிற்பது என்பதை மட்டும் முதல் பதிலில் எங்களுக்குத் தெரிவியுங்கள்.

எங்கள் குழுவினர் நான்கு ஞாயிற்றுக்கிழமைகளில் பூங்காவைச் சுற்றி வந்து, எல்லா வாசல்களையும் அளந்து, எங்கே படி, எங்கே பூட்டு, எங்கே தாழ்ந்த கிளை என்று ஒரு தாளில் குறித்து வைத்திருக்கிறோம். புல் வெட்டும் அந்தத் தம்பிதான் பாதி இடங்களைக் காட்டினார். உங்கள் அலுவலர்கள் எந்த நாள் வந்தாலும் காலை ஆறரை மணிக்குக் குளத்தருகே இருப்போம், அண்ணனும் இருப்பார். அந்தத் தாளை உங்களிடம் நேரில் தந்து, வேலை லாரி வரும் அந்த வாசலிலிருந்து குளம் வரை உங்களுடன் சேர்ந்து நடந்து காட்டக் காத்திருக்கிறோம்.

இப்படிக்கு,
நடைக்குழுவின் சார்பில்,
பேட்டைவாசி ஒருவர்